எந்த லென்ஸ் வைப்பது? முதலில் உங்கள் கண் செய்யும் வேலையைச் சொல்லுங்கள்

"இருக்கிறதிலேயே ஒசந்த லென்ஸா வச்சிருங்க டாக்டர், அம்மாவுக்குச் செலவு பாக்கல." கண்ணுக்குள் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிற புரை ஆபரேஷனுக்குப் பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகள் பலர் பேச்சை இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற அம்மா பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம்தான் நான் கேட்பேன்: "நாள் பூரா என்னம்மா வேலை பாப்பீங்க?"

ஒரு முறை வந்த பதில், "பூக் கட்டுவேன் சார்." வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதுவரை கண்ணாடி போட்டதே இல்லை. நாற்பது வயதில் மற்றவர்களுக்கு வருகிற வெள்ளெழுத்து அவருக்குத் தெரியவே இல்லை. காரணம், சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கிட்டப்பார்வை. பஸ் நம்பர் தெரியாது, பக்கத்தில் வந்ததும் யாரையாவது கேட்டு ஏறிக்கொள்வார். மடியில் கிடக்கிற மல்லிகை மட்டும் பளிச்சென்று தெரியும்.

இவருக்கு எல்லோருக்கும் வைப்பதுபோலத் தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பஸ் நம்பர் தெரியும். பூவும் நாரும் மங்கிவிடும். வாழ்நாளில் முதல்முறையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பூக் கட்ட வேண்டியிருக்கும். அதை அவரிடம் விளக்கியபோது, "பஸ்ஸ கேட்டுக்கிறேன் சார், பூ தெரியணும்" என்றார். அதனால் கண்ணில் மைனஸ் 2.5 பவர் அளவுக்குக் கிட்டப்பார்வை மிஞ்சும்படி லென்ஸ் பவரைத் தேர்ந்தெடுத்தோம். அந்த அளவில் சுமார் 40 சென்டிமீட்டர் தூரம் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும். வைத்தது விலை குறைந்த, ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸ்தான்.

இதை நான் முதலிலேயே தெரிந்து வைத்திருக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கிற பழக்கமுள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தூரத்துக்கு லென்ஸ் வைத்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, தூரத்து எழுத்தெல்லாம் வாசித்தார். ஒரு மாதம் கழித்து வந்து, "ராத்திரி படுத்துக்கிட்டுப் படிக்க முடியல சார்" என்று வருத்தப்பட்டார். லென்ஸில் குறையில்லை, அளவிலும் குறையில்லை. நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை.

லென்ஸ் எந்த ரகம் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எந்தத் தூரத்துக்கு என்பது அதற்கு முந்திய கேள்வி.

சரி, ரகத்துக்கு வருவோம். தூரம், கிட்டம் இரண்டும் தெரிய வைக்கிற மல்டிஃபோக்கல் லென்ஸ் பொய்யில்லை. பலருக்குக் கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறைகிறது. ஆனால் அது உள்ளே வருகிற வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் இருட்டில் எதிரே வருகிற வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் பார்வை சற்றுச் சோர்ந்து போகலாம். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு நான் அந்த லென்ஸைப் பரிந்துரைப்பதில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்கும், கண் நீர் அழுத்த நோயால் நரம்பு சேதமானவருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே குறைந்துபோன பார்வையை மேலும் பங்கு போட்டால் மிஞ்சுவது என்ன? இவர்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வது டாக்டரின் கடமை.

கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வருகிற பவர், அதிகமாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்கிற டோரிக் லென்ஸ் உண்மையாகவே உதவும். அதைச் சரியான கோணத்தில் உட்கார வைக்க வேண்டும். 10 டிகிரி திரும்பிவிட்டாலே பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

விலை குறைந்த லென்ஸ் என்றால் மட்டமானது என்ற பயம் வேண்டாம். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்துத்தான் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார். விலை குறைந்த, மடங்காத லென்ஸ்கள் இன்றும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இந்த லென்ஸை 1992இல் மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப். மடக்கிக் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு வெட்டு 3 மில்லிமீட்டருக்குள் போதும், மடங்காததற்குச் சுமார் 6 வேண்டும். சின்ன வெட்டு சீக்கிரம் ஆறும். அந்த வித்தியாசம் உண்டு. ஆனால் கண் நன்றாக இருந்தால் இரண்டிலும் நல்ல பார்வை கிடைக்கும்.

லென்ஸின் பெயரைவிட நான் அதிகம் கவலைப்படுவது அளவெடுப்பதைப் பற்றி. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் பவரைக் கணக்கிடுகிறோம். நீளத்தில் 1 மில்லிமீட்டர் தப்பினால் கண்ணாடிப் பவர் சுமார் 2.5 தப்பும். அளக்கும்போது கண்ணை அசைக்காதீர்கள். அளவு சந்தேகமாக இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும் என்று சொன்னால் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு நாள் வாருங்கள். கண்ணாடியை விடுவதற்காக முன்பு லேசர் செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வழக்கமான கணக்கு அந்தக் கண்ணுக்குப் பொருந்தாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை எத்தனை நாளைக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டு வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள். புரை முற்றும்போது கண்ணின் பவரே மாறிவிடும், அதற்கு முன்னால் உங்கள் கண் எப்படி இருந்தது என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.

அப்புறம் ஒன்று. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் பெயர், பவர், சீரியல் நம்பர் உள்ள ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே அதையும் வைத்துவிடுங்கள். சில வருடம் கழித்து இன்னொரு கண்ணுக்கு வேறு ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டால், இரண்டு கண்ணையும் ஒத்துப்போக வைக்க அந்த டாக்டருக்கு அது வேண்டும்.