மலை ஊருக்கும் மாத்திரை வரும்: பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா?

ஈரோடு மாவட்டத்து மலையில், ஆசனூர் பக்கம் சோளகர் பழங்குடியினரின் ஒரு குடியிருப்பு. சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டி தன் மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். மூன்று அட்டை, மூன்றிலும் வெள்ளை மாத்திரைதான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ஸ்கெட்ச் பேனாவில் படம் போட்டிருந்தது: ஒன்றில் சூரியன், ஒன்றில் பிறை, இன்னொன்றில் இரண்டும். போட்டுக் கொடுத்தது அதே ஊரில் மருமகளாக வந்த பெண், இப்போது அங்கே சுகாதாரத் தன்னார்வலர். “சூரியன் விடிஞ்சதும், பிறை ராத்திரி சோத்துக்கு அப்புறம். மறந்துராதீங்க அஜ்ஜி” என்று இரண்டு முறை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அந்தத் தன்னார்வலர் வேலை செய்யும் திட்டத்தின் பெயர் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பிரஷரும் சுகரும் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதனை செய்து மாத்திரை கொடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் சிகிச்சை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பைகள் ஆகியவையும் இதில் அடக்கம். எல்லாம் இலவசம். எதற்கும் யாரும் காசு கேட்கக் கூடாது.

இது எதற்காக வந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2020-ல் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மற்றவர்களில் பலர் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள், இல்லையென்றால் தெரிந்தும் மாத்திரையை நிறுத்தியவர்கள். பஸ் வசதியுள்ள கீழ்நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஈரோடு மாவட்டத்து மலைகளான பர்கூர், கடம்பூர், தாளவாடி, நாமக்கல் பக்கம் கொல்லிமலை, உடுமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி போன்ற இடங்களில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“சுகர் எல்லாம் குண்டானவங்களுக்கு வர்றது, நாங்க ஒல்லியா இருக்கோம், நடக்கிறோம்” என்று மலையில் பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஒல்லியானவர்களுக்கும் சர்க்கரை வரும். ராகிக் களி, சாமைச் சோறு, அவரை, காட்டுக் கீரை, கிழங்கு என்று இருந்த தட்டில் இப்போது மூன்று வேளையும் ரேஷன் அரிசிதான் பல வீடுகளில். அரிசியை நம்பி வாழும் வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ராகி விதைத்தால் பன்றியும் யானையும் விடுவதில்லை, காட்டுக்குள் போய்வருவதும் முன்பு போல இல்லை. அதோடு நாளுக்கு நாலைந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, சோற்றுக்கு உப்பு கூடிய ஊறுகாய், வாயில் புகையிலை. நோய் வர இவ்வளவு போதும், தொப்பை தேவையில்லை.

சரி, இந்த உதவி யாருக்குக் கிடைக்கும்? வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதில் 45 வயது கடந்தவர்களுக்கும், எழுந்து நடமாட முடியாதவர்களுக்கும் முன்னுரிமை. வயது குறைந்தவர்களுக்கும் மாத்திரை இலவசமே, அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். 30 வயது தாண்டிய யாரும் பிரஷர், சுகர் பார்த்துக்கொள்ளலாம். வாய்ப் புற்றுநோய்க்கும், பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் பரிசோதனை உண்டு. புகையிலை போடுகிறவர்கள் வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று: இதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டாம். ஈரோடு மாவட்டத்து மலையாளி என்ற மலைச் சமூகத்து மக்கள் (கேரளத்தவர் அல்ல) பட்டியல் பழங்குடி சான்றிதழுக்காக எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் அதே சமூகம் பட்டியலில் இருக்கிறது, ஈரோட்டில் இல்லை. “எங்ககிட்ட சர்டிபிகேட் இல்லீங்களே” என்று பரிசோதனைக்கே வராமல் இருப்பவர்கள் உண்டு. சான்றிதழுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது. எந்தச் சமூகமானாலும் உரிமை ஒன்றுதான்.

வேண்டியது பதிவு மட்டும். தன்னார்வலர் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தத்தையும் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையையும் பார்ப்பார். அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்து மாத்திரை எழுதிய பிறகே, அடுத்த மாதங்களுக்கு வீட்டுக்கு வரும். பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். ஒருமுறை மலையிறங்கி டாக்டரைப் பார்க்காததால் பட்டியலில் பெயர் ஏறாமலே போகிறது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு முறை போய்விடுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கு மலையிலிருந்து வந்து சேரவே மதியமாகிவிடும் என்றால், அதை நர்சம்மாவிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகும், எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய பரிசோதனைகள் இருக்கின்றன.

உங்கள் ஊருக்குத் தன்னார்வலரே வருவதில்லையா? துணை சுகாதார நிலையத்துக் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் போன் போடுங்கள், கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கே ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 என்பது மலையில் 20,000. மனுவில் இந்த எண்களைப் போட்டே கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் இதே மனுவைக் கொடுக்கலாம்.

திட்டம் ஒழுங்காக நடக்கும் ஊர்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: வேலைக்குப் போகும் மாதங்கள். பர்கூரிலிருந்து கரும்பு வெட்டக் குடும்பத்தோடு இறங்குகிறார்கள். கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இளசுகள் திருப்பூர், கோவை மில்லுக்கு. தன்னார்வலர் வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கும். கரும்புக் காட்டில் மாத்திரை தீர்ந்துபோய், “உடம்பு நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். பிரஷருக்கு வலி கிடையாது. மாத்திரை விட்ட ஆள் நன்றாகவே நடமாடுவார், ஒரு நாள் காலையில் வாய் கோணும்வரை.

மூட்டை கட்டுவதற்கு முன் தன்னார்வலரிடம் சொல்லி, கொஞ்சம் கூடுதல் நாளைக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக் குறிப்பேட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள். போன இடத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைக் காட்டினால் போதும், “உங்க ஊருக்குப் போங்க” என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. கர்நாடகத்திலும் அரசு சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம், ஏனென்றால் பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்களுக்கான தடுப்பு நாடு முழுவதற்குமான திட்டம். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கரும்பு வெட்டும் கத்தியைத் தூக்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் வாயில் போட மடியில் ஒரு வெல்லத்துண்டு இருக்கட்டும்.

பாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். வெறுங்காலில் காட்டுக்குப் போய் வந்தவருக்கு முள் ஏறியது தெரியாது, புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். ராத்திரி படுக்கும்முன் பேரப்பிள்ளையை விட்டு இரண்டு பாதத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயம் இருந்தால் பச்சிலை கட்டிக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே நர்சம்மாவிடம் காட்டுங்கள்.

நோய் முற்றிப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அதற்கு மட்டும் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதிய வேண்டும். படுத்த பிறகு இதற்கு அலைவது பெரும்பாடு, இப்போதே எடுத்து வையுங்கள். நெஞ்சு அடைத்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் சத்தியமங்கலத்துக்கோ பெருந்துறைக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.