தெருமுனையில் 25 அடி

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு நேர் எதிரே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது ஹோபோக்கன். நியூ ஜெர்சி மாநிலத்துக் குட்டி நகரம். நிலப்பரப்பு சுமார் 3.2 சதுர கிலோமீட்டர்தான். 2020 கணக்கெடுப்பின்படி அதற்குள் 60,419 பேர் வசிக்கிறார்கள். அமெரிக்காவில் இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்கள் அதிகம் இல்லை. கார், டெலிவரி வேன், பஸ், சைக்கிள், மின் ஸ்கூட்டர் எல்லாம் அந்தக் குறுகிய தெருக்களில்தான் ஓடுகின்றன. இருந்தும் 2017 ஜனவரியில் நடந்த ஒரு மரணத்துக்குப் பிறகு, அடுத்த ஏழு ஆண்டுகளில் அந்த ஊரின் தெருக்களில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஊர்க்காரர்கள் எல்லோரும் திடீரென்று திருந்திவிட்டார்களா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. அங்கேயும் போனைப் பார்த்தபடியே ரோட்டைக் கடக்கிறார்கள், அவசரத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறார்கள். மாறியது தெருமுனைகள். அந்த மாற்றம் ஏன் வேலை செய்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்து வடிவியலையும் இயற்பியலையும் வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சந்திப்பில் பாதசாரிக் கோட்டை ஒட்டி ஒரு கார் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் நடைபாதையின் ஓரத்தில் கடக்கக் காத்திருக்கிறார். தெருவில் ஒரு கார் வந்துகொண்டிருக்கிறது. ஓட்டுநர் கண்ணிலிருந்து அந்தப் பெண் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். நிறுத்தியிருக்கும் கார் அந்தக் கோட்டை மறிக்காதவரைதான் அவர் கண்ணில் படுவார். நிறுத்திய காரின் வெளிப்பக்கம் நடைபாதை விளிம்பிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. பெண் விளிம்புக்கு அரை மீட்டர் உள்ளே நிற்கிறார். ஓட்டுநரின் கண் நிறுத்திய காரிலிருந்து பக்கவாட்டில் சுமார் 2.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. இதை வைத்து ஒத்த முக்கோணக் கணக்குப் போட்டால், நிறுத்திய கார் பெண்ணிடமிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கும்போது, ஓடிவரும் காரின் ஓட்டுநருக்கு அவர் தெரியத் தொடங்குவது வெறும் 2 மீட்டர் தூரத்தில். அதாவது தெரியவே தெரியாது.

இப்போது அந்தக் காரைப் பின்னுக்குத் தள்ளி, பெண்ணிடமிருந்து 25 அடி, அதாவது 7.6 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். பெண் 14 மீட்டர் தொலைவிலேயே தெரிகிறார். அவர் ஒரு மீட்டர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 19 மீட்டர். குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். பெரியவர் ஒருவரின் தலையாவது சாதாரணக் காரின் கூரைக்கு மேலே தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அந்தக் கார் முழுசாக மறைத்துவிடும். நிற்பது எஸ்.யு.வி. என்றால் பெரியவர்களும் மறைந்துபோவார்கள்.

முனையில் வண்டி நிறுத்தும் இடத்தைக் காலி செய்து பார்வையைத் திறந்துவிடும் இந்த வேலையைப் போக்குவரத்துப் பொறியாளர்கள் 'டேலைட்டிங்' என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதசாரிக் கோட்டிலிருந்து 25 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்று நியூ ஜெர்சி சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. பார்க்கிங் கிடைக்காமல் அல்லாடும் ஊரில் அதை யார் மதிப்பார்கள்? ஹோபோக்கன் புதிதாகச் செய்தது, அந்த 25 அடியில் எதையாவது நட்டு வைத்தது. வளையும் பிளாஸ்டிக் கம்பங்கள், சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டுகள், செடித் தொட்டிகள். சில முனைகளில் மழைநீரை உறிஞ்சும் சிறு தோட்டங்களே வந்தன. 2012இல் சாண்டி புயலில் மூழ்கிய தாழ்வான ஊர் அது. ஆகவே முனையைப் பெயர்க்கும்போது வடிகால் பிரச்சினைக்கும் சேர்த்து ஒரு வழி பார்த்துக்கொண்டார்கள். கார் நிறுத்த முடியாத இடத்தில் போலீஸ்காரர் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

சரி, 19 மீட்டரில் தெரிந்துவிட்டார். அது போதுமா? அதற்கு வேகம் பதில் சொல்ல வேண்டும்.

ஒருவரைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் காலை வைக்க ஓட்டுநருக்குச் சுமார் ஒன்றரை விநாடி ஆகும். அதுவரை கார் அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள் 13 மீட்டர் கடந்துவிடும். அப்புறம் பிரேக் பிடித்து நிற்க, உலர்ந்த சாலையில் இன்னும் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 19 மீட்டர். நாம் மேலே கண்ட பார்வைத் தூரமும் அதேதான்.

அதே கார் 40 கி.மீ. வேகத்தில் வந்தால்? யோசிப்பதற்குள்ளேயே 17 மீட்டர் போய்விடும். நிற்க மொத்தம் 25 மீட்டருக்கு மேல் வேண்டும். 32இல் வந்த கார் சரியாக நின்ற அந்தப் புள்ளியை இது எந்த வேகத்தில் கடக்கும் என்று கணக்கிட்டால், விடை 34 கி.மீ.! எட்டு கிலோமீட்டர் கூடுதல் வேகம், மோதாமல் நிற்பதை 34இல் மோதுவதாக மாற்றிவிடுகிறது. 50இல் வந்தால் அந்த இடத்தில் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

மோதிய பிறகு உடலுக்கு என்ன ஆகும் என்பதும் வேகத்தைப் பொறுத்ததுதான். சாலைப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளை 2011இல் வெளியிட்ட ஆய்வில், நடந்து செல்பவர் மீது 37 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் இறக்கும் வாய்ப்பு சராசரியாக 10 சதவீதம், 51 கி.மீ. என்றால் 25 சதவீதம், 68 கி.மீ. என்றால் 50 சதவீதம். வயதானவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். ஹோபோக்கன் 2022இல் ஊர் முழுக்க வேக வரம்பை மணிக்கு 25 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது 40 கி.மீ.யிலிருந்து 32ஆகக் குறைத்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர்டு மாட்டினால் மட்டும் வேகம் குறையாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் தெருவின் வடிவம். கார் திரும்பும் வளைவின் ஆரம் 10 மீட்டர் என்றால் 20 கி.மீ. வேகத்தில் சௌகரியமாகத் திரும்பலாம். ஆரத்தை 4 மீட்டராகச் சுருக்கினால், அதே அளவு உடல் சாய்வுக்கு வேகம் 12, 13 கி.மீ.க்கு இறங்கியாக வேண்டும். அந்த வேகத்தில் கார் 6 மீட்டரில் நின்றுவிடும். நடைபாதையை முனையில் தெருவுக்குள் நீட்டிக் கட்டும் 'பம்ப் அவுட்' இதைத்தான் செய்கிறது. கூடவே இரண்டு லாபங்கள். காத்திருப்பவர் நிறுத்திய கார்களின் வரிசைக்கு மறைவில் நிற்காமல், அந்த வரிசையின் வெளி விளிம்பு வரை வந்து நிற்கிறார்; முக்கோணக் கணக்கே தேவைப்படாமல் தூரத்திலேயே தெரிகிறார். கடக்க வேண்டிய தூரமும் பத்து மீட்டரிலிருந்து ஆறாகக் குறைகிறது. மெதுவாக நடக்கும் பாட்டிக்கு அந்த நான்கு மீட்டர் என்பது நான்கைந்து விநாடி.

சிக்னல் இருக்கும் இடங்களில் இன்னொரு சின்ன ஏற்பாடு செய்யலாம். கார்களுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 விநாடிகள் முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை விழும். திரும்பும் கார் நகரத் தொடங்கும்போது அவர்கள் தெருவின் நடுவில், ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருப்பார்கள். இதனால் சந்திப்புகளில் நடப்பவர்மீது வாகனம் மோதும் விபத்து 13 சதவீதம் குறைவதாக அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. சிக்னலின் நேர அமைப்பை மாற்றினால் போதும், ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு வருவோம். பஸ்ஸில் போகிறவர் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நடந்துதான் போகிறார். பொதுப் போக்குவரத்தை வளர்க்க நினைக்கும் ஊர் முதலில் நடப்பவரைக் காப்பாற்ற வேண்டியிருப்பது இதனால்தான். ஹோபோக்கனில் இது கண்ணுக்குத் தெரியும். 1907இல் கட்டிய ரயில் முனையம் ஊரின் தென்கோடியில் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1908 முதல் அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் சுரங்க ரயில் மன்ஹாட்டன் போகிறது. கடைவீதியான வாஷிங்டன் தெரு வழியாக 126ஆம் எண் பஸ் ஓடுகிறது. படகும் உண்டு. கொரோனாவுக்கு முன் வேலைக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பொதுப் போக்குவரத்தில் போன ஊர் இது. அத்தனை பேரும் தினமும் ஏழெட்டுத் தெருமுனைகளையாவது கடந்துதான் ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்கிறார்கள்.

பஸ் நிறுத்தத்தை எங்கே வைப்பது என்பதும் அதே வடிவியல்தான். சந்திப்புக்கு முன்னால் பஸ் நின்றால், இறங்கியவர் பஸ்ஸின் முகப்புக்கு முன்னாலேயே கடக்கப் பார்ப்பார். 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள பஸ் அவரை மற்ற வண்டிகளிடமிருந்து மறைத்துவிடும். சந்திப்பைத் தாண்டி நின்றால் அவர் பஸ்ஸின் பின்னால் வந்து கடப்பார். வரும் வண்டிகள் அவரைப் பார்க்கும். பஸ்ஸுக்கும் நல்லது: சிக்னலைத் தாண்டிவிட்டதால், ஆள் ஏறி முடித்ததும் சிவப்பு விழுந்து சும்மா நிற்க வேண்டியதில்லை.

முனையில் நீட்டிய அந்த நடைபாதையையே நிறுத்தமாக்கினால் இன்னும் வசதி. பஸ் ஓரம் கட்ட வேண்டாம், ஓடும் தடத்திலேயே நின்று ஆளை ஏற்றலாம். ஓரம் கட்டிய பஸ் திரும்ப உள்ளே நுழைய எவனாவது வழிவிடுவானா என்று காத்திருக்கும் நேரம் மிச்சம். பின்னால் நிற்கும் கார்காரருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காரில் ஒருவர், பஸ்ஸில் நாற்பது பேர். எனக்கு இதில் குழப்பம் இல்லை.

இந்தச் சில விநாடிகளுக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வருகிறது? பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சரியாக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமாகிறது என்று வையுங்கள். அதற்குள் நிறுத்தத்தில் ஆள் கூடிவிடும். ஏற்ற நேரம் அதிகமாகும். தாமதம் மேலும் வளரும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது விறுவிறுவென்று வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964லேயே இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். இரண்டு பஸ் ஒட்டி வந்து அடுத்த இரண்டு 20 நிமிடம் கழித்து வந்தால், பஸ்களின் எண்ணிக்கை அதேதான், காத்திருப்பு மட்டும் 10 நிமிடமாக இரட்டிக்கிறது. ஒரு புதுப் பஸ்கூட வாங்காமல், வழியில் ஏற்படும் கணிக்க முடியாத தாமதங்களைக் குறைத்தாலே அந்த 5 நிமிடத்தில் பெரும்பகுதியைப் பயணிக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஏழு ஆண்டு பூஜ்யத்தைக் கொஞ்சம் நிதானமாகவும் பார்க்க வேண்டும். சின்ன ஊரில் சாவு எண்ணிக்கை எப்போதுமே சிறியது. முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு மரணம் என்பது சராசரியாக இருந்திருந்தால், எதுவும் மாறாமலே ஏழு வருஷம் பூஜ்யம் வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு உண்டு. அது அதிர்ஷ்டமாக மட்டும் இருப்பது கடினம், ஆனால் முடியாததில்லை. ஊரின் நடுவே நெடுஞ்சாலை இல்லை, கார் வருவதற்கு முன்பே போட்ட தெருக்கள் என்ற சாதகங்களும் அதற்கு உண்டு. ரவி பல்லா 2018இல் மேயரான பிறகு நகரம் ஏற்றுக்கொண்ட இலக்கு, 2030க்குள் மரணத்தோடு சேர்த்துக் காயங்களையும் ஒழிப்பது. காயங்களின் எண்ணிக்கை பெரியது என்பதால் அதில்தான் உண்மையான சோதனை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே விஷயம் பெரிய சண்டையாக ஓடுகிறது. பாதசாரிக் கோட்டிலிருந்து 20 அடிக்குள் வண்டி நிறுத்த நியூயார்க் மாநிலச் சட்டம் தடை போடுகிறது. நியூயார்க் நகரம் தனக்கு விலக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த நகரத்தின் போக்குவரத்துத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது: தடுப்பு எதுவும் வைக்காமல் இடத்தை மட்டும் காலியாக விட்ட முனைகளில் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை என்று. டேலைட்டிங் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். வளைவின் ஆரத்தை நினைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட அதிகம் இல்லை. வெறுமனே காலியான முனை பார்வையைத் திறந்துவிடும், கூடவே காருக்கு அகலமான வளைவையும் கொடுத்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்கிக்கொள்ளும். அங்கே ஒரு கம்பமோ சைக்கிள் ஸ்டாண்டோ நின்றால்தான் கார் இறுக்கமாக, மெதுவாகத் திரும்பும்.

நியூயார்க்கில் இத்தனை ஆயிரம் முனைகளுக்கும் தடுப்பு வைக்கக் காசு எங்கே என்பதுதான் கடைசியில் வாதமாக வந்து நிற்கிறது. ஹோபோக்கன் எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் தொடவில்லை. தார் போடும் முறை எந்தத் தெருவுக்கு வருகிறதோ, அந்தத் தெருவின் முனைகளை அந்த வேலையோடு சேர்த்தே மாற்றியது. எப்படியும் சாலையைத் தோண்டி, கோடு அழித்து, புதுக் கோடு வரையத்தான் போகிறார்கள். அந்தக் கோட்டை வேறு இடத்தில் வரைய ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான்.