தினமும் ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார்: பெங்களூருக்கு எது சரிப்படும்?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது குதிரைத்திறனையும், பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை விநாடி என்பதையும்தான். வாங்கும் முன் கார்களைப் பரிசோதித்துச் சொல்வது எங்கள் தொழில். வாங்கிய கொஞ்ச காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும் வேகமான கார்கள் பெங்களூரில் அதிகம். அவற்றின் இன்ஜினில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. அபார்ட்மென்டின் பேஸ்மென்ட் சரிவும், தினமும் ஆபீஸ் போகும் ரோடும் அந்தக் காருக்கு ஒத்துவராமல் போயிருக்கும். காரைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் தவறு.

எங்கள் கருத்து இது: மணிக்கு 30-லிருந்து 80 கிலோமீட்டருக்குள் எந்தக் கார் உங்களைச் சந்தோஷப்படுத்துகிறதோ, அதுதான் இந்த ஊருக்கான ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையிலேயே கார்களுக்கு உச்ச வரம்பு 100. கேமராக்கள் வழிநெடுக இருக்கின்றன. 130-ஐத் தாண்டினால் அபராதத்தோடு விடுவதில்லை, 2024 ஆகஸ்ட் முதல் கர்நாடகத்தில் வழக்கே பதிவு செய்கிறார்கள். 374 குதிரைத்திறன் கொண்ட பி.எம்.டபிள்யூ. எம்340ஐ அருமையான கார். சென்னையை அடுத்த ஆலையில் அசெம்பிள் ஆகிறது. ஆனால் நூறைத் தொட அதற்கு நான்கரை விநாடி போதும். அதற்கு மேல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க ஊருக்குள் இடமும் இல்லை, சட்டமும் இடம் தராது. 120 முதல் 150 குதிரைத்திறன் வரை உள்ள, எடை குறைந்த காரில் இரண்டாவது, மூன்றாவது கியர்களை முழுதாக இழுத்து ஓட்டலாம். ஸ்டியரிங்கைத் திருப்புவதும் கியர் மாற்றுவதும் நம் கையில்தான் இருக்கின்றன என்ற உணர்வு அந்தக் காரில் தினமும் கிடைக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட்டால் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குக் குறைவான ஆக்ஸிஜனைத்தான் உள்ளே இழுக்கும், சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். சென்னையில் நன்றாக இழுத்த கார் இங்கே வந்ததும் மந்தமாகிவிட்டதே என்று சிலர் கேட்பதுண்டு. பாதி நேரம் இதுதான் காரணம். டர்போ உள்ள இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். இங்கே தினமும் ஓட்டுவதற்குச் சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜினை நாங்கள் முதலில் சொல்வது அதனால்தான்.

அடி தட்டுமா என்பதை அளந்து பாருங்கள்

கேட்லாக்கில் போட்டிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி) பெரும்பாலும் காலி வண்டிக்கானது. ஃபோக்ஸ்வாகன் விர்ச்சுஸுக்கு 179 மில்லிமீட்டர் என்றால், அது யாரும் ஏறாத நிலையில் எடுத்த அளவு. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் கார் கணிசமாக அமுங்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளமும் அதே அளவுக்கு முக்கியம். நீளம் கூடக்கூட நடுவயிறு தட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கர இடைவெளி 2.65 மீட்டர், கிளியரன்ஸ் 130 மில்லிமீட்டர் உள்ள ஒரு கார் காலியாக இருக்கும்போது சுமார் 11 டிகிரி முகட்டைத் தட்டாமல் தாண்டும். ஆள் ஏறி 30 மில்லிமீட்டர் அமுங்கிவிட்டால் அது 9 டிகிரிக்கும் கீழே போய்விடும். ஆறு அடிக்கு ஓர் அடி ஏறும் பேஸ்மென்ட் சரிவு ஒன்பதரை டிகிரி. அதாவது தனியாக ஓட்டும்போது தப்பிக்கும் கார், குடும்பத்தோடு வெளியே கிளம்பும்போது சரிவு முடிந்து தரை தொடங்கும் முனையில் அடி தட்டும். அதே இடைவெளியில் 179 மில்லிமீட்டர் இருந்தால் காலியாக 15 டிகிரி வரை தாங்கும். ஆள் ஏறினாலும் மிச்சம் இருக்கும். உங்கள் பேஸ்மென்ட் சரிவில் செல்போனைத் தரையோடு வைத்து, லெவல் பார்க்கும் ஆப்பில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஸ்பீட் பிரேக்கர் விஷயம் வேறு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் தாழ்வான கார்கூட மெதுவாக ஏறி இறங்கிவிடும். லேஅவுட்களில் ஒன்றரை இரண்டு அடி அகலத்தில் கூராகப் போட்டு வைத்திருப்பவைதான் முன் பம்பரின் உதட்டையும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் பிய்த்துவிடுகின்றன. இந்த ஊரில் ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இன்னும் தாழ்த்த வேண்டாம். அழகுக்காகச் செய்வது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் உடைவதில் போய் முடியும்.

கியர் பாக்ஸ்: பணம் கரையும் இடம்

சில்க் போர்டு, டின் ஃபேக்டரி, ஹெப்பாள் ஆகிய மூன்று நெரிசல் சந்திப்புகளில் ஒன்று உங்கள் தினசரிப் பாதையில் இருந்தால், இன்ஜினைவிட கியர் பாக்ஸை அதிகம் யோசியுங்கள்.

விர்ச்சுஸ், ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டர்போவில் வரும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), டிக்யூ200 என்ற வகை. இதில் இரட்டை கிளட்ச் தட்டுகள் ஆயிலில் மூழ்காமல் உலர்ந்தே வேலை செய்கின்றன. எடை குறைவு, மைலேஜ் நல்லது, திறந்த ரோட்டில் கியர் மாறுவது மின்னல் மாதிரி இருக்கும். நெரிசலில் நிலைமை வேறு. ஓர் அடி நகர்ந்து, நின்று, மறுபடி ஓர் அடி நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் அரைகுறையாக உரசிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், தட்டு தேயும். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது நடுக்கம் வருவது அதன் முதல் அறிகுறி. இந்த வகையை வைத்திருப்பவர்கள் இதைச் செய்யலாம்: முன் வண்டி நகர்ந்தவுடனே ஊராதீர்கள். ஒரு கார் நீளமாவது இடம் விடட்டும், பிறகு பிரேக்கை எடுத்து ஒரே மூச்சில் நகர்ந்து, மறுபடி பிரேக்கை அழுத்தமாக மிதித்து நில்லுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு ஊர்வதுதான் கிளட்சைக் கொல்கிறது. பக்கத்து ஆட்டோ இடையில் புகுந்துகொண்டால் புகுந்துகொள்ளட்டும்.

இந்த டிக்யூ200 தாங்கும் முறுக்குவிசை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர். 1.5 டர்போ இன்ஜின் ஷோரூமிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. மிச்சமே இல்லை. அதன் மேல் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றும் 'ஸ்டேஜ் ஒன்' ரீமேப் போட்டு 320, 330 என்று ஏற்றுகிறவர்கள், கிளட்சையும் கியர் பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டையும் சூதாட்டத்தில் வைக்கிறார்கள். வாரன்டி கிடைக்காது. இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் சிக்கல் வரலாம்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்றவற்றில் வரும் டி.எஸ்.ஜி.யின் கிளட்ச் ஆயிலிலேயே ஓடுவது. நெரிசலை நன்றாகத் தாங்கும். சர்வீஸ் புத்தகம் சொல்லும் இடைவெளியில் அந்த ஆயிலை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அதை மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் நிற்பவர்களுக்கு விர்ச்சுஸ் 1.0-ல் வரும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்கே நிம்மதி. கியர் மாறும் வேகம் சற்றுக் குறைவு, ஆயுள் அதிகம்.

மேனுவல் பிடித்தவர்களுக்கு விர்ச்சுஸ் ஜிடியிலும், 2023 முதல் ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் ஆறு கியர் மேனுவல் வந்தது. சனிக்கிழமை காலை ஒசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாகச் சேலம் போய் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது மேனுவலுக்கு ஈடில்லை. திங்கட்கிழமை காலை அவுட்டர் ரிங் ரோட்டில் இடது கால் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். (தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளோடு போட்டி போட வேண்டாம். சேலம் போகும் திசை முழுதும் இறக்கம். லாரிகளின் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் இடம் அது.)

டயர், பெட்ரோல், மழைநீர்

பெரிய அலாய் வீல் பார்க்க அழகு. 225/40 ஆர் 18 டயரின் பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழுந்தால் பக்கச்சுவர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இழை அறுந்து வெளியே கொழுக்கட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயருக்கு ரிப்பேர் கிடையாது, மாற்றியே ஆக வேண்டும். அந்தக் காரின் பிரேக் 17 இன்ச் வீலுக்குள் இடிக்காமல் அடங்கினால் 225/45 ஆர் 17 போடுங்கள். மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் குழம்பாது. பக்கச்சுவர் மட்டும் 10 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன் ஃபிளாட் டயரோடு வரும் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேங்க் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை ஆக்டேன் வேண்டும், எத்தனால் எவ்வளவு வரை தாங்கும் என்று இருக்கும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்கள் 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

தாழ்வான காரில் காற்று இழுக்கும் குழாயும் தாழ்வாகவே இருக்கும். மழை நாளில் அண்டர்பாஸில் தண்ணீர் அதன் வழியே இன்ஜினுக்குள் போய்விட்டால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசியில் அந்தச் செலவு முழுதும் உங்களுடையது.

டெஸ்ட் டிரைவ்

டீலர் காட்டும் நல்ல ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. காரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள். பின் சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்து பேஸ்மென்ட் சரிவில் இறங்கி ஏறுங்கள். பிறகு மாலை நெரிசலில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள்; சூடான கியர் பாக்ஸ்தான் உண்மையைச் சொல்லும். காலியான இடத்தில், மேனுவலாக இருந்தால் மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் வைத்து, கியர் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இழுவை வரும் வரை மனதுக்குள் எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் ஊருக்குள் அந்த இன்ஜின் எரிச்சலூட்டும். கடைசியாக, குழிகள் உள்ள ரோட்டில் 30-ல் போய்ப் பாருங்கள். ஸ்டியரிங் கையை உதறுகிறதா, ஒவ்வொரு குழிக்கும் முதுகில் அடி விழுகிறதா? ஒரு மணி நேரத்தில் சலிப்புத் தட்டினால் ஐந்து வருடம் ஓட்ட முடியாது.

செகண்ட் ஹேண்டும் கணக்கும்

செகண்ட் ஹேண்டில் காரை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். ஆயில் சம்ப், முன் சப்ஃபிரேம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றில் உரசல் எவ்வளவு என்று பார்த்தால் அந்தக் கார் எப்படி ஓட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். டயரின் உள்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், சஸ்பென்ஷனின் லோயர் ஆர்ம் அல்லது புஷ் அடி வாங்கியிருக்கலாம். ஸ்கேனரைப் போட்டால் 'கோளாறு இல்லை' என்று வருவதை அப்படியே நம்பாதீர்கள். கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர்களையும் பாருங்கள். பல 'சோதனை இன்னும் முடியவில்லை' என்று காட்டினால், உங்களிடம் காட்டுவதற்குச் சற்று முன்புதான் யாரோ கோளாறுகளை அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

புதுச்சேரி எண்ணோடு சந்தை விலைக்குக் கீழே வரும் சொகுசுக் கார்களில் எச்சரிக்கை தேவை. வரி குறைந்த ஊரில் பதிந்த காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, கர்நாடகத்தின் ஆயுட்கால வரியைக் காரின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய பெட்ரோல் காருக்கு அது 18 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ். 2025-ல் 53 லட்ச ரூபாய் ஷோரூம் விலையில் வந்த கோல்ஃப் ஜிடிஐக்கு இந்த வரி மட்டுமே பத்தரை லட்சத்தைத் தாண்டுகிறது. இப்படி முழுதாக இறக்குமதியாகும் கார்களில், உடைந்த ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் போக்குவரத்துப் போலீஸ் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதத்தைப் பாருங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறினால் மட்டும் போதாது, இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் விபத்து நடந்தால் எதிர்த் தரப்புக்கான பாதுகாப்பு தொடரும். உங்கள் காரின் சேதத்துக்குப் பழைய பாலிசியில் க்ளெய்ம் கேட்க முடியாது. விற்பவரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால், பிரீமியத்தில் வரும் வித்தியாசத்தை மாற்றும்போதே கட்டிவிடுங்கள்.