கருச்சிசு உடற்கூறாய்வு

போஸ்ட்மார்ட்டம் என்றதும் போலீசும் வழக்கும்தான் நினைவுக்கு வரும். 'பிரேதப் பரிசோதனை' என்றாலும் அப்படியே. மருத்துவர்கள் சொல்லும் 'ஆட்டாப்சி'யின் வேர் வேறு. கிரேக்கத்தில் 'ஆட்டோஸ்' என்றால் தான், 'ஆப்சிஸ்' என்றால் பார்வை. தன் கண்ணாலேயே பார்ப்பது என்று பொருள். சாவு என்ற பேச்சே அதில் இல்லை.

தமிழில் அதற்குக் கிட்ட வருவது 'உடற்கூறாய்வு'. பிறக்கும் முன்பே இறந்த சிசுவுக்குச் செய்வதைக் 'கருச்சிசு உடற்கூறாய்வு' எனலாம். 'முதிர்கரு' என்றும் எழுதுகிறார்கள். துல்லியமான சொல்தான், ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம் சம்மதம் கேட்கும்போது அது வாயில் வராது.

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. வயிற்றிலேயே இறந்துபோகும் சிசுக்களில் இது இன்னும் அதிகம்.

இந்த ஆய்வில் இதயத்தை மட்டும் தனியே அறுத்தெடுத்துவிடக் கூடாது. நுரையீரலிலிருந்து வரும் சிரைகள் இடது மேலறையில்தான் சேர்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால், அவை வேறெங்கோ போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்தத் தடயம் போய்விடும். 20 வாரச் சிசுவின் இதயம் சில கிராம்தான் இருக்கும் என்பதால், உருப்பெருக்கியின் கீழ், நுண்கத்தரியால், இரத்தம் ஓடும் வழியிலேயே திறந்து போகிறார்கள்: சிரை, மேலறை, வால்வு, கீழறை, தமனி. மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு தெரியும். அது குறை அல்ல, சிசுவுக்கு இருக்க வேண்டிய வழி.

இதயத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் தெரியும். மண்ணீரல் இருக்கிறதா, பலவாகச் சிதறியிருக்கிறதா, இரண்டு நுரையீரலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றனவா என்பதைப் பார்த்தால், உடலில் இடப்பக்கம் வலப்பக்கம் பிரிவதிலேயே கோளாறா என்று புலப்படும். பெருந்தமனிப் பக்கம் குறை இருந்து, நெஞ்சில் இதயத்தின் மேற்பகுதியை ஒட்டி இருக்க வேண்டிய தைமஸ் சுரப்பியும் இல்லாவிட்டால், 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்குமோ என்று மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஸ்கேனில் இதயக் குறை தெரிந்திருக்கலாம். இத்தனையையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பது உடற்கூறாய்வில்தான் எளிது.

'அடுத்த பிள்ளைக்கும் வருமா' என்று பெற்றோர் கேட்பதற்குப் பதில் இங்கிருந்துதான் வருகிறது. அந்தத் துண்டு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வராமல், சிசுவில் புதிதாகவே விடுபட்டிருக்கும். அப்படியானால் மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தாய் தந்தையில் ஒருவரிடமே அந்த விடுபடல் இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 50 சதவீதம். பெரிதாக நோய் எதுவும் தெரியாமலேயே அதைச் சுமப்பவர்களும் இருப்பதால், பெற்றோர் இருவரின் இரத்தத்தையும் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.