ஷாம்பூ போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

தலை அரிக்கிறது, முடி நார்போல் வறண்டு கிடக்கிறது என்று மருந்துக்கடைக்கு வருபவர்களில் பலரும் முதலில் கேட்பது, "சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ இருக்கிறதா?" என்பதுதான். போத்தலின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தச் சொல்லை நம்பி 20, 30 வெள்ளி கொடுத்து வாங்கி, அரிப்பு நிற்காமல் மறுபடி வருபவர்களும் உண்டு. அழுக்கை நீக்கும் பொருள்களில் ஒரு வகையான சல்ஃபேட் இல்லை என்பதால் மட்டும் ஷாம்பூ மென்மையாகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஆசியான் அழகுப்பொருள் விதிமுறைகள் சிங்கப்பூரில் 2008 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, உள்ளடங்கிய பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும். 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களே ஷாம்பூவின் குணத்தைச் சொல்லிவிடும்.

முதலில் தண்ணீர் இருக்கும். அடுத்து வரும் இரண்டு முதல் நான்கு பெயர்கள் பெரும்பாலும் அழுக்கை நீக்கும் பொருள்கள். கொஞ்சம் தள்ளி சோடியம் குளோரைடு இருக்கும். நம் சமையல் உப்புதான், ஷாம்பூவைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்கள். உப்புக்கும் வாசனைப் பொருளுக்கும் பின்னால் வரும் செம்பருத்தி, கற்றாழை, நெல்லிக்காய்ச் சாறுகள் எல்லாம் பெரும்பாலும் துளியளவுதான். முன்பக்கப் படத்தில் பெரிதாக இருப்பது அந்தத் துளி.

அழுக்கு நீக்கும் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை நாடும் தலையும் எண்ணெயை நாடும் வாலும் உண்டு. வால்கள் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, தலைகள் வெளிப்பக்கம் நிற்கும். அந்த உருண்டை தண்ணீரோடு போய்விடும். உருண்டையில் சேராமல் தனியே அலையும் மூலக்கூறுகள்தான் தொல்லை. அவை தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, தோல் தனக்காக வைத்திருக்கும் கொழுப்பையும் கரைத்துவிடும். கழுவிய பிறகு தலை இழுத்துப் பிடிப்பதுபோல் இருப்பது அதனால்தான்.

சோடியம் லாரில் சல்ஃபேட் இந்த வகையில் கடுமையானது. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கப் பயன்படுத்துவதே இதைத்தான். சோடியம் லாரெத் சல்ஃபேட் வேறு பொருள். 'ரில்', 'ரெத்' என்று ஓர் அசைதான் வித்தியாசம் என்றாலும், இதன் தலைப்பகுதி பெரிது. தோலுக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படத் தேவையில்லை. சல்ஃபேட் புற்றுநோயை உண்டாக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

'சல்ஃபேட் இல்லை' என்று எழுதியிருக்கும் சில போத்தல்களில் இரண்டாவது பெயராக சோடியம் சி14-16 ஓலெஃபின் சல்ஃபோனேட் இருக்கும். பெயரளவில் அது சல்ஃபேட் இல்லைதான், ஆனால் எண்ணெயை உறிஞ்சி எடுப்பதில் அதுவும் சளைத்ததல்ல. 'இயற்கை' என்று விற்கப்படும் சிலவற்றில் சோடியம் கோகோ சல்ஃபேட் இருக்கும். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு அதே லாரில் சல்ஃபேட்.

உண்மையிலேயே மென்மையானவை வேண்டுமென்றால், தொடக்கத்திலேயே சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், டைசோடியம் லாரெத் சல்ஃபோசக்ஸினேட், டெசில் குளுகோசைடு, கோகோ குளுகோசைடு போன்ற பெயர்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். கோகாமிடோபுரோப்பில் பீட்டெய்ன் பெரும்பாலும் துணைக்கு வரும். லாரெத் சல்ஃபேட்டோடு இது சேரும்போது தனியே அலையும் மூலக்கூறுகள் குறைந்து, முழுக் கலவையும் தணிந்துவிடுகிறது. அதனால், லாரெத் சல்ஃபேட்டும் பீட்டெய்னும் நன்றாகக் கலந்த ஷாம்பூ, பெயரில் மட்டும் 'சல்ஃபேட் இல்லாத' சிலவற்றைவிட உங்கள் தலைக்கு இதமாக இருக்கலாம்.

சீயக்காய்க்கும் இதே கணக்குதான். அதிலுள்ள சபோனினும் நுரைத்து எண்ணெயை எடுக்கும் பொருளே. தேக்காவில் வாங்கும் தூளைச் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்; கரகரப்பான துகள் ஏற்கெனவே புண்ணான உச்சந்தலையைக் கீறிவிடும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு அதில் 9 முதல் 10 வரை, அதாவது காரம்; தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5.5, இலேசான அமிலம்.

நம் வீடுகளில் மென்மையான ஷாம்பூ தோற்றுப்போகும் இடம் எண்ணெய்க் குளியல். குளுகோசைடு வகை, தலை நிறைய நல்லெண்ணெயை ஒரே அலசலில் எடுக்காது. எண்ணெய் இருக்கும்வரை நுரையும் வராது. நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றி, நகத்தால் தேய்த்து, பாதியில் அலசிவிடுகிறார்கள். மிச்சம் தங்கி மறுநாள் அரிக்கிறது. பழி ஷாம்பூமேல் விழுகிறது. அன்றைக்கு மட்டும் லாரெத் சல்ஃபேட், பீட்டெய்ன் கலவையைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் முடியை நன்றாக நனைத்து, ஒரு தேக்கரண்டி ஷாம்பூவை உள்ளங்கையில் தண்ணீரோடு குழைத்து, உச்சந்தலையில் விரல்நுனியால் ஒரு நிமிடம் தேய்த்து அலசுங்கள். பிறகு அதே அளவில் இன்னொரு முறை. முதல் தடவை நுரைக்காது, இரண்டாவதில் நுரைக்கும். தேய்த்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் அலசுவது நல்லது. தண்ணீர் கலந்த ஷாம்பூவைப் போத்தலில் சேர்த்துவைக்காதீர்கள். பதப்படுத்தும் பொருள் நீர்த்துப்போய் கிருமி வளரும்.

இந்த ஈரப்பதத்தில் தினமும் வியர்க்கிறது. தேசிய சேவையில் தலைக்கவசத்தோடு இருக்கும் பிள்ளைகள் தினமும் தலைக்குக் குளிப்பதில் தவறில்லை, ஷாம்பூ மென்மையாக இருந்தால் போதும். நீச்சலுக்குப் போகும் பிள்ளைகளின் தலையைக் குளத்தில் இறங்குமுன் குழாய்த் தண்ணீரில் நனைத்துவிட்டால் முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

பொடுகு மென்மையான ஷாம்பூவால் போகாது. அதற்குக் காரணமான ஈஸ்ட் என்ற பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் மருந்து வேண்டும். 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரம், ஒவ்வொரு முறையும் 3 முதல் 5 நிமிடம் தலையில் விட்டு அலச வேண்டும். போட்ட உடனே அலசினால் மருந்து வேலை செய்ய நேரமில்லை.

இன்னொன்று ஒவ்வாமை. எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றல்ல. மென்மையான பொருளும் சிலருக்கு ஒவ்வாமல் போகும். அமெரிக்காவின் தொடுதோல் அழற்சிச் சங்கம் பீட்டெய்னை 2004லும், குளுகோசைடுகளை 2017லும் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. வாசனைப் பொருள்களும், மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பதப்படுத்தியும் இதில் சேரும். ஷாம்பூ ஒவ்வாமையை உச்சந்தலையில் மட்டும் தேடாதீர்கள். தலைத்தோல் தடிமனானது, பல நேரம் தப்பிவிடும். நுரை வழிந்தோடும் நெற்றி, இமை, காதுக்குப் பின்புறம், கழுத்தின் இருபக்கம் ஆகியவற்றில்தான் சிவந்து செதிலாகும்.

புதிய ஷாம்பூவைச் சோதிக்க, நாணயமளவு எடுத்து முழங்கையின் உட்புறத்தில் தடவி, வழக்கமாகத் தலையில் விடும் நேரம் விட்டுக் கழுவுங்கள். நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள். தடவி அப்படியே பிளாஸ்டர் ஒட்டி வைப்பது தவறு. மூடி வைத்தால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் எரிந்து சிவக்கும்.

இமை வீங்கினாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால், சந்தேகப்படும் பொருள்களை உரிய அளவில் தோலில் ஒட்டி ஒவ்வாமையைக் கண்டறியும் ஒட்டுச் சோதனைக்காக மாண்டலே சாலையிலுள்ள தேசியத் தோல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது ஷாம்பூ, கண்டிஷனர் போத்தல்களோடு முடிச்சாயப் பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள். ஷாம்பூவால் வந்ததாக எண்ணிக்கொண்டிருக்கும் அரிப்புக்குச் சாயத்திலுள்ள பாரா-ஃபினைலீன்டைஅமைன் காரணமாக இருக்கலாம்.