அறுந்த பெல்ட்டை வீசிவிட்டு வராதீர்கள்

செகண்ட் ஹேண்டில் பவர் டில்லர் வாங்கியவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்வது ஒன்றுதான்: "பெல்ட் நிக்கவே மாட்டேங்குது, நல்ல கம்பெனியா பாத்துச் சொல்லுங்க." எஞ்சின் ஓட்டத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுகளில், ஒரே நடவுக்குள் மூன்றாவது செட். அறுந்த பெல்ட் எங்கே என்றால், வரப்பிலேயே வீசிவிட்டார்களாம். வண்டியின் கோளாறெல்லாம் அதில்தானே எழுதியிருந்தது!

இரண்டு பக்கச் சுவரும் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகியிருந்தால், வழுக்கி ஓடிய பெல்ட். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் எஞ்சின் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) கிளட்ச் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால், மண்ணைக் கிளறும் ரோட்டரியில் கல்லோ வேரோ சிக்கி பெல்ட் நின்றபோதும் எஞ்சின் புல்லி அதே இடத்தில் தேய்த்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. ஊதிப் பிசுபிசுத்தால் டீசலோ ஆயிலோ சொட்டுகிறது. அதை அடைக்காமல் புது பெல்ட் போடுவது வீண்.

இனி குங்கிலியப் பொடிக்கு வருவோம். பெல்ட் வழுக்கினால் ஒரு பிடி தூவுவது, இல்லையென்றால் இன்னும் இழுத்துக் கட்டுவது. இரண்டுமே தப்பு. வி-பெல்ட் பிடிப்பது பக்கச் சுவர்களால், அடிப்பாகத்தால் அல்ல. பி சைஸ் பெல்ட் மேலே 17 மி.மீ. அகலம், 11 மி.மீ. கனம், புல்லியின் காடியில், அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்தில், ஆப்பு மாதிரி இறங்கி இரு சுவரையும் கவ்வ வேண்டும். அடியில் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பல வருடம் ஓடிய புல்லியில் காடிச் சுவர் குழிந்துபோகும், பெல்ட் அடியில் போய் உட்காரும். அதற்குப் பிறகு குங்கிலியம் போட்டாலும் குங்குமம் வைத்தாலும் பிடிக்காது. பொடி தூசியோடு சேர்ந்து கட்டியாகி, பெல்ட்டை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும். இழுத்துக் கட்டினாலோ பேரிங் போகும். பெல்ட்டைவிட அது பெரிய செலவு.

டார்ச் அடித்துக் காடியைப் பாருங்கள். அடி பளபளத்தால் புல்லி முடிந்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று புது பெல்ட்டின் பக்கத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் 1 மி.மீ. அளவு வெளிச்சம் தெரிந்தாலே புல்லியை மாற்றுங்கள். வண்டி வாங்கும்போதே இதைப் பார்த்திருந்தால் விலையில் குறைத்திருக்கலாம். பெயின்ட் பளபளப்பைத்தான் பார்க்கிறோம்.

நேர் பார்க்க ஒரு நூல் போதும். இரண்டு புல்லியின் முகத்தையும் தொட்டபடி இழுத்துப் பிடித்தால் நான்கு விளிம்பிலும் ஒட்ட வேண்டும். எங்காவது 3 மி.மீ. விலகினால் எஞ்சின் மவுன்டிங் போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள். புல்லியைக் கையால் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங்கோ, புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவியோ போயிருக்கிறது.

செட்டில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழசு நீண்டிருக்கும், புதுசு மட்டும் மொத்த இழுப்பையும் தாங்கி முதலில் போகும். ஒரே கம்பெனி, ஒரே நம்பர். பி-60 என்றால் உள்சுற்று 60 அங்குலம். நம்பர் அழிந்துவிட்டதென்று நீண்டுபோன பழைய பெல்ட்டை நூலால் அளந்து வாங்காதீர்கள், மேனுவலைப் பாருங்கள்.

மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவே கூடாது. உள்ளே இருக்கும் நூல்தான் பெல்ட்டின் பலம். ஓரத்தில் இரண்டு இழை அறுந்தாலும் வெளியே தெரியாது, இரண்டு நாளில் காடிக்குள் புரண்டு அறுந்துபோகும். டென்ஷனைத் தளர்த்துங்கள், கையாலேயே ஏறும். பிறகு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்க வேண்டும், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. புது பெல்ட் அரை மணி நேரம் ஓடியதும் தளரும், மறுபடி பாருங்கள். மறுநாளும் ஒரு முறை.

கடைசியாக அந்தத் தகரக் கவர். "சூடாகுது" என்று கழற்றிப் போட்ட வண்டிதான் அதிகம். சேற்று உழவில் சேறும் வைக்கோலும் நேராகக் காடிக்குள் போகின்றன. அதைவிட, துண்டோ லுங்கி முனையோ சிக்கினால் கை போகும். கவரைத் தேடிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் பட்டறையில் தகரம் வெட்டிச் செய்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. ஒரு நிமிடம் அணைத்துவிட்டுப் பாருங்கள்.