பள்ளி வாசலுக்கு வெளியே நடைபாதை: கிராமத்தில் யாரிடம், எதைக் கேட்பது?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணையில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. வகுப்பறை, குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, இவற்றோடு தடையற்ற அணுகல். இன்று அரசுப் பள்ளிகளில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் இருப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம். ஆனால் அந்த அட்டவணை சுற்றுச்சுவரோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு வெளியே இருக்கும் முதல் பத்தடி வேறு சட்டத்தில், வேறு துறையின் கையில் இருக்கிறது. அதனால்தான் உள்ளே பளபளக்கும் சாய்தளமும் வெளியே சாக்கடைமேல் ஆடும் கல்லும் ஒரே பள்ளியில் சேர்ந்து இருக்க முடிகிறது.

இத்தனைக்கும், பிள்ளைகள் நடந்துதான் வருவார்கள் என்று கணக்குப் போட்டதே அந்தச் சட்டம்தான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள்ளும், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அதன்கீழ் வகுக்கப்பட்ட விதி. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் மத்திய விதிகள் சொல்கின்றன. வழியின் ஆபத்தும் கல்வி உரிமைக்குள் வருகிறது என்று மனுவில் எழுத இது போதும்.

இனி வேலைக்கு வருவோம். "நடைபாதை போட்டுத் தாருங்கள்" என்று கிராமத்திலிருந்து போகும் மனுக்களில் பல, தவறான அலுவலகத்தில் கொடுக்கப்படுவதாலேயே தேங்குகின்றன. முதலில் அறிய வேண்டியது, அந்தச் சாலை யாருடையது என்பது. ஊரில் எல்லாவற்றையும் பஞ்சாயத்து ரோடு என்றுதான் சொல்வோம். ஆனால் பள்ளிக்கு முன்னால் ஓடுவது மாவட்ட இதரச் சாலையாக இருந்தால் அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை. ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் அதில் ஒரு கல் வைக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி கிலோமீட்டர் கல். மேற்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கருப்பு அல்லது நீலம் பெரும்பாலும் மாவட்டச் சாலை, ஆரஞ்சு பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. கல்லே இல்லையென்றால் அது ஊராட்சி ஒன்றியச் சாலையாகவோ கிராம ஊராட்சிச் சாலையாகவோ இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஒன்றியச் சாலைகள் பலவற்றைத் தரம் உயர்த்தி நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கல் மாறாமல் கணக்கு மட்டும் மாறிய சாலைகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "இந்தப் பள்ளி முன் செல்லும் சாலையின் வகை, பராமரிக்கும் அலுவலகம், சாலை எல்லையின் அகலம்" என்று மூன்றே கேள்விகள் கேட்டால் போதும்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். தார் போட்ட அகலம் வேறு, சாலைக்கு உரிய நிலத்தின் அகலம் வேறு. நடைபாதைக்கு இடமில்லை என்று பொறியாளர் கையை விரிக்கும் பல இடங்களில் சர்வே வரைபடத்தில் இடம் இருக்கும். தரையில்தான் அது யாருடைய திண்ணையாகவோ கடைக்கூரையாகவோ மாறியிருக்கும்.

சாலை யாருடையது என்று தெரிந்தபின், மனுவை யாரிடம் கொடுப்பது? தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநர் அல்லது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. மாநில, மாவட்டச் சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமானம் மற்றும் பராமரிப்புக் கோட்டப் பொறியாளர். ஒன்றியச் சாலைக்கும் ஊராட்சிச் சாலைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். கிராமச் சாலைகளைப் போடுவதும் பராமரிப்பதும் பொது இடங்களில் விளக்கு போடுவதும் ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆவது பிரிவு சொல்கிறது. உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத இடங்களில் தலைவருக்குப் பதில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். தலைவர் இல்லை என்பதால் அந்தக் கடமை காலாவதி ஆகிவிடாது.

கேட்பதற்கு உரிமை இருக்கிறதா என்று தயங்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே 14 அன்று, நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது கூறு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. நடைபாதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், நடந்து செல்வோர் தொடர்பாகவும் சாலை வடிவமைப்புத் தரம் தொடர்பாகவும் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வழக்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஓய்வின்றி ஓடுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இன்னும் நேரடியானது. அதன் 41-ஆவது பிரிவு, அணுகக்கூடிய சாலைகள் பற்றிப் பேசுகிறது. 16-ஆவது பிரிவு கல்வி நிறுவன வளாகத்தைப் பற்றி. இந்தச் சட்டத்தின் தர அளவுகள் வெறும் பரிந்துரைகள் என்று அதிகாரிகள் சொல்லிவந்த காலம் இருந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது: அணுகல் தரங்களில் கட்டாயமானவற்றைக் கட்டாயமாகவே விதிக்க வேண்டும், பரிந்துரை என்ற பெயரில் தளர்த்த முடியாது.

சரி, எப்படிப்பட்ட நடைபாதை? இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வெளியிடும் நடையர் வசதிக் கையேட்டின்படி, கம்பம், மரம், பலகை எதுவும் குறுக்கிடாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரம். நடைபாதை சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஏறி இறங்கும் இடங்களில் 1:12 சரிவு, அதாவது ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். மதிப்பீடு தயாரிக்கும் ஓவர்சியரிடம் இந்த நான்கு எண்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவருக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. எழுதிக் கொடுத்தது கோப்பில் இருக்கும். வாயால் சொன்னது இருக்காது.

கிராமத்தில் பெரும்பாலும் தனி நடைபாதை கட்ட மாட்டார்கள். சாலையோர வடிகாலைக் கட்டி, மேலே கான்கிரீட் பலகைகளைப் போட்டு, அதையே நடைபாதை என்பார்கள். இதில் தப்பில்லை, குறைந்த இடத்தில் இரண்டு வேலை முடிகிறது. கெடுவது நுணுக்கத்தில்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் சிக்கும், பார்வையில்லாதவரின் கைத்தடி முனையும் சிக்கும். தூர் வாரத் தூக்கிய பலகையைத் திரும்ப மூடாமல் விடுவது அடுத்த பிரச்சினை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வண்டி ஏறுவதற்கு வடிகாலின்மேல் தனித்தனி மேடு கட்டிக்கொள்வது மூன்றாவது. அதன்பின் நடைபாதை முழுவதும் ஏறி இறங்கி ஏற வேண்டியதாகிவிடும். நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும், வண்டிக்கான சரிவு அதற்கு வெளியே சாலைப் பக்கம் இருக்க வேண்டும் என்று மதிப்பீட்டு நிலையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தனி நடைபாதைக்கே வாய்ப்பில்லாத சிறு ஊராட்சிச் சாலையில் கேட்க வேண்டியது வேறு. அங்கே ஆபத்து தாரின் விளிம்பில் இருக்கிறது. பழைய தார்மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து மண் ஓரம் தாழ்ந்துவிடுகிறது. பஸ் வரும்போது ஒதுங்கும் பிள்ளை அந்த விளிம்பில் கால் பிசகி விழுகிறது. புதிதாகச் சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவுறுத்தியது. உங்கள் சாலை அடுத்துப் புதுப்பிக்கப்படும்போது அதைச் சுட்டிக்காட்டலாம். பள்ளிக்கு இருபுறமும் நூறு மீட்டருக்காவது மண் ஓரத்தைக் கிராவல் கொட்டி, தார் மட்டத்துக்கு இறுக்கித் தரச் சொல்லலாம். இது பெரிய செலவில்லாத வேலை.

வேகத்தடையை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முறைப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதைக் கடக்க முடியும். ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகப் போடும் குறுகிய மேடு இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும், ஆம்புலன்ஸையும் தாமதப்படுத்தும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதே இல்லை. அங்கே அதிர்வுக் கோடுகள், பள்ளி எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் விளக்கு, ஜீப்ரா கோடு ஆகியவற்றைக் கேட்கலாம். வாசல் நேராகச் சாலையில் திறக்கும் பள்ளிகளுக்கு, மணி அடித்ததும் பிள்ளைகள் குறுக்கே ஓடிவிடாமல் வாசலுக்கு எதிரே தடுப்புக் கம்பி வைக்கக் கேளுங்கள். முடிந்தால் வாசலையே பக்கத்துச் சந்துக்கு மாற்றுங்கள். அதற்கு எந்த நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும் வேண்டாம்.

ஆக்கிரமிப்பு என்றதும் மிட்டாய்க் கடைப் பாட்டிதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார். காலை எட்டே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள். வாசலை அடைத்து நிற்பவை பெற்றோரின் இருசக்கர வண்டிகள். பள்ளி மேலாண்மைக் குழுவே பேசி, வண்டிகளை ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தச் சொன்னால் பாதி இடம் அன்றே கிடைத்துவிடும். நிலையான ஆக்கிரமிப்பு என்றால் நெடுஞ்சாலைகளில் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, ஊராட்சிச் சாலைகளில் ஊராட்சிகள் சட்டம். மின்கம்பம் நடைபாதையின் நடுவில் நின்றால் அதை நகர்த்த மின்வாரியத்துக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகையை மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால் கம்பத்தைச் சுற்றிக் கல் பதித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பணம் எங்கிருந்து வரும்? நெடுஞ்சாலை என்றால் துறையின் சாலைப் பாதுகாப்புப் பணிகளிலிருந்து. ஊராட்சி, ஒன்றியச் சாலை என்றால் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நிதிக்குழு மானியத்தில் தண்ணீர், சுகாதாரம் என்று கட்டிவைக்கப்படாத பகுதி, ஊராட்சியின் பொது நிதி. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. நூறு மீட்டர் நடைபாதை அதில் ஒரு சிறு துளி. முன்னாள் மாணவர்கள் பணம் தரத் தயாராக இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்களிப்பாகச் செலுத்தலாம்.

மனுவின் பலம் அதனோடு இணைக்கும் தீர்மானத்தில் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் சட்டப்படியான வேலை. முதல் தீர்மானம் அங்கே. பிறகு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு முன் செல்லும் மாவட்ட இதரச் சாலையில் இருபுறமும் நடைபாதை இல்லை. பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை வடிகால் திறந்து கிடக்கிறது. சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவர் உள்ளிட்ட பிள்ளைகள் தார்ச்சாலையிலேயே வர வேண்டியுள்ளது. மேற்படி தூரத்துக்கு வடிகாலை மூடி, தடையின்றி 1.8 மீட்டர் அகலமும் சாய்தளமும் உள்ள நடைபாதை, ஜீப்ரா கோடு, பள்ளி எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றை அமைத்துத் தரக் கோருகிறோம். மேலாண்மைக் குழு, கிராம சபைத் தீர்மான நகல்களும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன."

புகைப்படத்தைப் பள்ளி விடும் நேரத்தில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த காலிச் சாலைப் படம் எதையும் நிரூபிக்காது. பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டாம். மனுவைச் சாலைக்கு உரிய பொறியாளரிடம் கொடுத்து, நகலைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இயங்குகிறது. காவல் துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை மூன்றும் ஒரே மேசையில் அமரும் இடம் அது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது என்பதால், மனுவை அந்தக் குழுவின் பொருள்நிரலில் சேர்க்கும்படி வெளிப்படையாகவே எழுதிக் கேளுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்; கிடைக்கும் மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் போயும் அசைவில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மனுவின் நிலை கேட்டு மீண்டும் ஒரு தகவல் உரிமை மனு. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டம் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் சில அதிகாரங்களைத் தந்திருக்கிறது. பள்ளியில் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கதவைத் தட்டலாம். சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. மனுவில் அதை மிரட்டலாக எழுத வேண்டாம். ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும்.

வேலை தொடங்கியதும் ஒப்பந்ததாரர் பெயர், தொகை, அளவு ஆகியவை எழுதிய பலகை இருக்கிறதா பாருங்கள். பில் தொகை வழங்கும் முன், ஓவர்சியர் அளவெடுக்கும் நாளில், ஒரு டேப்பும் ஒரு சக்கர நாற்காலியுமாகக் குழு உறுப்பினர்கள் அங்கே இருங்கள். நாற்காலியைப் பள்ளி வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தள்ளிப் பாருங்கள். எங்கே யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தை அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.